கிலோக் கணக்கு

ஒரு கிலோ பச்சைத் தேயிலைக்கு
இந்த மாதம் பதினேழு ரூபாய்.
ஆகவே எட்டு ஜிபி ராம் என்பது
ஐம்பத்தைந்து கிலோ.
பழையதுதான். அதன் தங்கப் பற்களைப்
பையனின் ரப்பரால் அழுத்தித் தேய்த்தேன்,
தப்பாக எழுதியதை அழிப்பது போல.
மூன்று முறை கத்திக்கொண்டிருந்த பீப்
ஒரே முறையோடு நின்றது.
ஒரு முறை என்றால் எல்லாரும் நலம்.

மதர்போர்டும் பிராசசரும்
குன்னூரில் இழுத்து மூடிய பிரவுசிங் சென்டரில்.
பெள்ளன் அண்ணன் நூற்றைம்பது கிலோ சொன்னார்,
அதாவது, ரூபாயில்தான் சொன்னார்.
நூற்றுமுப்பதுக்கு முடித்து
ஒரு பிடி ஸ்க்ரூவும் கொசுறாகக் கேட்டேன்.

எஸ்எஸ்டி மட்டும் புதுசு.
கோவையில் வாங்கி, கியர் ராடுக்குப் பக்கத்தில்
துண்டு சுற்றி வைத்து
மேட்டுப்பாளையத்திலிருந்து ஏற்றிவந்தார்
வீட்டுக்காரர். கோத்தகிரி பஸ் ஓட்டுகிறார்,
பத்தொன்பது வருஷமாக.
"முட்டையக்கூட இப்படிக் கொண்டுவந்ததில்ல" என்றார்.

கேபினெட்டுக்குக் காசில்லை.
ஃபேக்டரியில் கழித்துப் போட்ட
பிளைவுட் தேயிலைப் பெட்டி கிடைத்தது.
உள்ளே வெள்ளித்தாள் ஒட்டியிருந்ததை
யோசிக்காமல் போர்டை மாட்டி
சுவிட்சைப் போட்டேன்.
ஒரு நீலப் பொறி.
பிறகு இருட்டு.
பிறகு, ஒரே ஃபியூஸில் தொங்கும் பக்கத்து வீட்டிலும் இருட்டு.
பிறகு ரோசலின் அக்காவின் குரல்.
இரண்டு நாள் கரண்டியால் தாளைச் சுரண்டினேன்.
போனது பவர் சப்ளை மட்டும்தான்.
மட்டும் என்று சொல்கிறேன்,
முப்பத்தெட்டு கிலோ.

கீழே ஊரில் இதைக் குளிரவைக்க
காற்றாடிமேல் காற்றாடி வைக்கிறார்களாம்.
இங்கே ஜன்னலைத் திறந்தால் போதும்.
ஆனால் மேகம் உள்ளே வந்துவிடும்,
வந்தால் பின்களில் பச்சை பூக்கும்.
அதனால் நிறுத்திவைத்த நாட்களில்
பெட்டிக்குள் ஒரு குண்டு பல்பு எரிகிறது,
கோழி அடைகாக்கிற வெளிச்சத்தில்.
மேலே பையனின் சாக்ஸ் காய்கிறது.

எதற்கு இத்தனை என்று கேட்கிறவர்களிடம்
கணக்கு எழுத என்பேன்.
பொய்யில்லை. இலைக் கணக்கு, உரக் கடன், சீட்டுப் பணம்
எல்லாம் ஒரே ஷீட்டில் இருக்கின்றன.
அதற்குப் பழைய இரண்டு ஜிபியே தாராளம்.

பதினோரு மணிக்கு மேல்
நான் லாரி ஓட்டுகிறேன்.
பதினெட்டுச் சக்கரம்.
வாயில் நுழையாத ஓர் ஊரிலிருந்து
வாயில் நுழையாத இன்னோர் ஊருக்கு
பால் பவுடர் ஏற்றிக்கொண்டு.
முன்பெல்லாம் ரோடு விட்டுவிட்டு வரும்,
மரங்கள் கடைசி நொடியில்
மூஞ்சிக்கு முன் முளைக்கும்.
கிராபிக்ஸ் கார்டு போட்ட பிறகு
(நூற்றுத்தொண்ணூறு கிலோ. இதை
இன்னும் யாரிடமும் சொல்லவில்லை)
தூரத்திலேயே நின்று எனக்காகக் காத்திருக்கின்றன.

நேற்று அவர் விழித்துக்கொண்டார்.
கம்பளியோடு வந்து பின்னால் நின்றார்.
எவ்வளவு ஆச்சு என்று கேட்பார் என
மனசுக்குள் ஒரு தொகையைக் குறைத்து வைத்திருந்தேன்.
"தள்ளு" என்றார்.

கீபோர்டில் இரண்டு விரல்.
ரோடு நேராகப் போனது.
இன்னும் நேராகப் போனது.
மூன்றாவது கியரைத் தாண்டவே இல்லை.
வளைவே இல்லாத இடத்தில் ஹாரன் அடித்தார்.
கொஞ்சம் பொறுத்து மறுபடி அடித்தார்.
"எதிர்ல யாரும் வரமாட்டாங்களா?"
"அவங்களுக்குத் தனி ரோடு, அந்தப் பக்கம்."
நம்பவில்லை.
மேசைக்கு அடியில் இல்லாத கிளட்சை
இடது கால் மிதித்துக்கொண்டே இருந்தது.

விடிந்தால் ஐந்தரைக்கு முதல் டிரிப்.
கார்டு சூடாகுது என்று சொல்லி
ஜன்னலை ஒரு விரற்கடை திறந்தேன்.
மேகம் வந்து திரைமேல் படிந்தது.
சாலையோரம் மங்கியது.
அப்போதுதான்
முதுகைச் சாய்த்து உட்கார்ந்து
நாலாவது போட்டார்.